பேக்டெஸ்ட்டை ஏஜென்ட்டிடம் விடும் முன் டேட்டாவைப் பிரித்து வையுங்கள்

2024 நவம்பரில் எம்சிபி (ஏஐ-யை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது நெறிமுறை) வந்த பிறகு, பேக்டெஸ்ட் நிரலை, அதாவது ஒரு முதலீட்டு உத்தியைப் பழைய விலை டேட்டாவில் சோதிக்கும் நிரலை, ஒரு கருவியாக்கி ஏஐ ஏஜென்ட்டிடம் கொடுப்பது எளிதாகிவிட்டது. "50 நாள் சராசரி 200 நாள் சராசரியைத் தாண்டும்போது நிஃப்டி ஈடிஎஃப் வாங்கியிருந்தால்?" என்று கேட்டால் போதும், அதுவே ஓட்டிப் பார்த்துச் சொல்லும். ஆபத்தும் இங்கேதான். ஏஜென்ட் சலிக்காமல் எண்களை மாற்றி மாற்றி ஓட்டும். எந்தப் பலனும் இல்லாத 20 உத்திகளைத் தனித்தனியாகச் சோதித்தாலும், 5 சதவீத அளவுகோலில் (பலனில்லாத உத்தி தற்செயலாகத் தேற 5 சதவீத வாய்ப்பு மட்டுமே தரும் சோதனையில்) ஒன்றாவது தற்செயலாகத் தேறிவிட 64 சதவீத வாய்ப்பு உண்டு.

அதனால் கடைசி 3 வருட டேட்டாவை ஏஜென்ட் தொடவே முடியாத ஃபோல்டரில் வையுங்கள். "பார்க்காதே" என்று பிராம்ப்ட்டில் எழுதுவது போதாது. எத்தனை முறை ஓட்டியது என்பதைக் கருவியே பதிவு செய்யட்டும். தரகு, எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), ஸ்லிப்பேஜ் (எதிர்பார்த்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) எல்லாம் கருவிக்குள்ளேயே கழியட்டும். ஏஜென்ட் கைவைக்க விடாதீர்கள். அப்புறம், இன்றைய குளோசிங் விலையில் வந்த சிக்னலுக்கு நாளைய ஓப்பனிங் விலையில்தான் வாங்கியதாகக் கணக்கிட வேண்டும்.

எல்லாம் முடிந்து தேறிய ஒரே ஓர் உத்தியை, ஒதுக்கி வைத்த டேட்டாவில் ஒரே ஒரு முறை நீங்களே ஓட்டிப் பாருங்கள்.