ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) எப்பவும் ஆன்லயே இருக்கலாமா? பெட்டி பெட்டியா பாத்து முடிவு பண்ணுங்க

"ஹைஃபை சிஸ்டத்த ஆஃப் பண்ணவே கூடாது, சூடா இருந்தாதான் சவுண்டு நல்லா வரும்"னு ஒரு கூட்டம், "தூங்கப் போறதுக்கு முன்னாடி பிளக்க புடுங்கு"ன்னு வீட்ல ஒரு கூட்டம், ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டவங்களுக்குதான் இது. ரெண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. ஆனா மொத்த ரேக்குக்கும் சேத்து ஒரே பதில் சொல்ல முடியாது, எந்தப் பெட்டி, உள்ள என்ன இருக்கு, உங்க ஏரியா கரண்ட் எப்படி, இத வச்சுதான் சொல்லணும்.

ஆன்லயே விடச் சொல்றது சும்மா கிளப்பிவிட்ட கதை இல்ல. இங்கிலாந்துல ஆம்ப் செய்யற நெய்ம் (Naim) கம்பெனிக்காரங்களே அவங்க ஆம்ப ஆன்லயே விட்டா நல்லா இருக்கும்னு சொல்லிட்டு வந்தவங்கதான். காரணம், டிரான்சிஸ்டரோட பயஸ் கரண்ட், அதாவது பாட்டு இல்லாதப்பவும் அதுல ஓடிட்டிருக்கற கரண்ட், சூட்டுக்கு ஏத்த மாதிரி மாறும், சூட்ட வெளிய தள்ற ஹீட்சிங்க் ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும் அது ஆடிட்டே இருக்கும். கல்லு காயறதுக்கு முன்னாடி ஊத்துன முதல் தோசை கதைதான். ஆனா அந்தக் கல்லு காய எவ்ளோ நேரம்னு யோசிங்க. ஆம்புல கிளாஸ் ஏ, ஏபி, டின்னு சர்க்யூட் வகைங்க உண்டு, சாதாரண கிளாஸ் ஏபி ஆம்புக்கு இருபது முப்பது நிமிஷம், பெரிய ஹீட்சிங்க் வச்ச கிளாஸ் ஏ-க்கு ஒரு மணி நேரம். அதுக்காக 24 மணி நேரமும் அடுப்ப எரியவிடணுமா என்ன?

இன்னொரு வாதம், ஆன் பண்ற நொடில டிரான்ஸ்ஃபார்மரும் பெரிய கெப்பாசிட்டரும் சேந்து ஒரே இழுப்பா கரண்ட் இழுக்கும், சூடாகி ஆறி சூடாகி ஆறி சால்டர் ஜாயிண்ட் விட்டுப்போகும்னு. உண்மைதான். ஆனா பெரிய ஆம்ப் நிறையதுல இதுக்குன்னே சாஃப்ட் ஸ்டார்ட், அதாவது கரண்ட மெதுவா ஏத்தற சர்க்யூட், வச்சிருப்பாங்க, தினம் ஒரு தடவ போட்டு ஒரு தடவ அணைக்கறதுக்கெல்லாம் அது அசராது. சும்மா சும்மா பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா போட்டு அணைக்கறதுதான் வேண்டாம்.

இப்ப எதிர்ப்பக்கக் கணக்குக்கு வருவோம், என்னைப் பொறுத்தவரைக்கும் இதுதான் முக்கியம். ஆம்புல முதல்ல செத்துப்போறது பெரும்பாலும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர். உதாரணமா அதுக்கு 105 டிகிரி, 2000 மணி நேரம்னு போட்ருப்பாங்க, அதாவது 105 டிகிரி சூட்டுல 2000 மணி நேரம் தாங்கும்னு அர்த்தம். சூடு ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுசு ரெண்டு மடங்கு ஆகும்னு தோராயமா ஒரு கணக்கு இருக்கு. உள்ள 65 டிகிரில ஓடுதுன்னு வச்சுக்கங்க, 2000-ஐ நாலு தடவ இரட்டிச்சா 32,000 மணி நேரம். ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம், அப்போ ஆன்லயே விட்டா நாலு வருஷம்கூட தாங்காது, தினம் மூணு மணி நேரம் மட்டும் ஓட்டுனா இருபது வருஷத்துக்கு மேலயே போகும். ரூம் 22 டிகிரில இருக்கற ஊர்ல எழுதுன அட்வைஸ மே மாசம் 40 டிகிரி அடிக்கற வேலூர்லயும் திருச்சிலயும் அப்படியே எடுத்துக்கிட்டா எப்படி? ரூம் சூடு ஏறுனா ஆம்புக்குள்ளயும் அதே அளவுக்கு ஏறத்தான் செய்யும்.

கரண்ட் பில்லையும் போட்டுப் பாத்துருவோம். சும்மா இருக்கும்போது 50 வாட் இழுக்கற ஏபி ஆம்ப் ரெண்டு மாசம் ஆன்லயே இருந்தா 72 யூனிட், தினம் மூணு மணி நேரம்னா 9 யூனிட்தான். கிளாஸ் ஏ 150 வாட் இழுத்தா 216 யூனிட், அதாவது இலவசமா வர்ற 100 யூனிட்டப் போல ரெண்டு மடங்குக்கு மேல, பாட்டே கேக்காம. ஏற்கனவே ஏசி ஓடற வீடா இருந்தா 500 யூனிட்ட தாண்டி ஸ்லாபே மாறி ரேட்டு ஏறிடும், அப்பறம் வீட்ல யாருக்கு பதில் சொல்றது.

சரி, உங்க பெட்டிய எப்படி கண்டுபிடிக்கறது? பாட்டு எதுவும் போடாம ஒரு மணி நேரம் ஆன்ல விட்டுட்டு மேல்மூடில கைய வைங்க. வெதுவெதுப்புகூட இல்லன்னா விட்டாலும் பெரிய நஷ்டம் இல்ல. கைய வச்சிருக்க முடியாத அளவுக்கு சுட்டா கேள்வியே வேணாம், ஆஃப். சந்தேகமா இருந்தா பிளக்குல மாட்டற வாட் மீட்டர் ஆன்லைன்ல கிடைக்குது, ஒண்ணு வாங்கிட்டா ரேக்ல இருக்கற எல்லாத்தையும் அளந்துரலாம். கிளாஸ் ஏ விஷயத்துல ஒரு வேடிக்கை, அது சும்மா இருக்கும்போதுதான் ரொம்ப சூடா இருக்கும், இழுக்கற கரண்ட் எதுவும் ஸ்பீக்கருக்குப் போகாம அத்தனையும் ஹீட்சிங்க்லயே சூடா இறங்குது இல்லையா, அதனால. கிளாஸ் டி சும்மா இருக்கறப்ப கொஞ்சமாதான் இழுக்கும், நாள் முழுக்க ஆன்ல இருந்தாலும் பரவால்ல.

வால்வ் ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதிலா கண்ணாடிக் குழாய் வால்வ் இருக்கறது) வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு ஆன்லயே விடாதீங்க. ஈஎல்34, கேடி88 மாதிரி பவர் வால்வ் பொதுவா 2000-லேருந்து 5000 மணி நேரம் வரைக்கும் வரும், ஆன்லயே வச்சா ஒரு வருஷத்துக்குள்ள மொத்த செட்டும் காலி, ஒரே அளவு பாத்து ஜோடி சேத்த மேட்ச்டு செட் என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும். அதவிட மோசம், பயஸ் போய் ஒரு வால்வ் செவசெவன்னு பழுக்க ஆரம்பிச்சா பக்கத்துல ஆள் இருக்கணும். வீட்ட பூட்டிட்டு வெளிய போகும்போது வால்வ் ஆம்ப் எரிஞ்சிட்டு இருக்கவே கூடாது. ஆஃப் பண்ணா உடனே திரும்ப ஆன் பண்ணாதீங்க, சில நிமிஷம் ஆற விடுங்க.

சப் ஊஃபர், ஆக்டிவ் ஸ்பீக்கர் இதையெல்லாம் நிறைய பேர் மறந்துடறாங்க. ஆம்ப் பின்பக்கத்துலயே இருக்கும், காத்தே போகாத மூடுன பெட்டி, சுவரோட ஒட்டி வேற வச்சிருப்போம். ஆட்டோ சுவிட்ச் (பாட்டு வந்தா மட்டும் ஆன் ஆகறது) இருந்தா அதுல வைங்க, ஆனா ஆட்டோல வச்சாலும் உள்ள கொஞ்சம் கரண்ட் ஓடிட்டேதான் இருக்கும், ஊருக்குப் போனா பின்னாடி இருக்கற மெயின் சுவிட்சையே அணைங்க.

டேக் (டிஜிட்டல் பாட்ட ஆம்புக்கு ஏத்த சிக்னலா மாத்தறது), ஃபோனோ ஸ்டேஜ் (டர்ன்டேபிள் சிக்னல ஏத்திக் குடுக்கறது), ஸ்ட்ரீமர் (நெட்வொர்க்லேருந்து பாட்டு எடுக்கறது) மாதிரி சின்னச் சின்ன ஐட்டம் எல்லாம் சில வாட்தான், இதுங்கள ஆன்லயே விடறதுல எனக்கு ஆட்சேபனை இல்ல. ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர வச்சு ஸ்ட்ரீமர் செஞ்சவங்க மட்டும் கவனம், அத திடீர்னு பிளக்க புடுங்குனா எஸ்டி கார்டு கரப்ட் ஆகிடலாம், ஷட் டவுன் குடுத்துட்டுதான் அணைக்கணும். சிடி பிளேயர் ஆன்ல இருக்கறது தப்பில்ல, பாஸ் போட்டுட்டு மறந்துடறதுதான் தப்பு, பாஸ்ல டிஸ்க் சுத்திட்டேதான் இருக்கும், லேசரும் எரிஞ்சிட்டே இருக்கும். டர்ன்டேபிள் பத்தி சொல்லவே வேணாம், கேட்டு முடிச்சா மோட்டார நிறுத்துங்க. ஹோம் தியேட்டருக்கு வைக்கற ஏவி ரிசீவர்ல ஸ்டாண்ட்பை போதும், ஆனா நெட்வொர்க் ஸ்டாண்ட்பை, எச்டிஎம்ஐ பாஸ்த்ரூ (ரிசீவர் ஸ்டாண்ட்பைல இருந்தாலும் படத்த டிவிக்கு அனுப்பறது) ரெண்டும் ஆன்ல இருந்தா ஸ்டாண்ட்பைலயே நிறைய இழுக்கும், தேவையில்லன்னா மெனுவுல போய் அணைச்சுடுங்க.

இதெல்லாத்தையும் விட பெரிய விஷயம் நம்ம லைன். தெருவுல நியூட்ரல் கட் ஆச்சுன்னா 230 வர வேண்டிய எடத்துல 400 வோல்ட் கிட்ட ஏறிடும், அந்த நேரத்துல ஆன்ல இருக்கறதெல்லாம் போச்சு. கரண்ட் போய் திரும்ப வர்ற நேரமும் சரியில்ல, தெருவுல இருக்கற ஃப்ரிட்ஜ் மோட்டார் எல்லாம் ஒண்ணா கிளம்பும், வோல்டேஜ் ஆடும். தட்டற சுவிட்ச் வச்ச பழைய ஆம்ப் கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகிடும், அதனால கரண்ட் போனதும் எழுந்து போய் சுவிட்ச அணைங்க, வந்து அஞ்சு நிமிஷம் கழிச்சு போடுங்க. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் லைன்ல ஆம்ப் மாட்டாதீங்க, டிரான்ஸ்ஃபார்மர் ரீங்காரம் போட ஆரம்பிச்சுரும், ப்யூர் சைன்வேவ்னா ஓகே. இடி மழைக்கு, சித்திரைல வர்ற கோடை மழையோ ஐப்பசி அடைமழையோ, சுவிட்ச அணைச்சா மட்டும் பத்தாது, பிளக்க கழட்டணும், டிஷ் கேபிளும் லேன் கேபிளும் மாட்டியிருந்தா அதையும் கழட்டணும், மின்னல் அந்த வழியாவும் வரும்.

அப்பறம் பல்லி. சிரிக்காதீங்க, சூடா இருட்டா ஒரு பெட்டி கிடைச்சா பல்லி, எறும்பு, கரப்பான் எல்லாம் உள்ள குடியேறிடும், ஆன்ல இருக்கற போர்டு மேல பல்லி குறுக்க விழுந்தா ஷார்ட்தான். அதுக்காக வென்ட் ஓட்டைய துணி போட்டு மூடுனா சூடு வெளிய போகாம இன்னும் மோசம். அலங்காரத்துக்காக ஆம்ப் மேல பூப்போட்ட துணி விரிக்கற பழக்கம் இருந்தா ஆஃப்ல இருக்கும்போது மட்டும் விரிங்க.

ஆன் பண்ற வரிசை: முதல்ல டேக், சிடி, ஃபோனோ, அடுத்து ப்ரீஆம்ப் (வால்யூம் இருக்கற பெட்டி), கடைசியா பவர் ஆம்ப் (ஸ்பீக்கர ஓட்டறது). அணைக்கும்போது தலைகீழ், பவர் ஆம்ப்தான் முதல்ல. மாத்திப் பண்ணா ஸ்பீக்கர்ல டொப்புனு ஒரு சத்தம் வரும், அது ட்வீட்டருக்கு (கீச்சு சத்தம் குடுக்கற குட்டி ஸ்பீக்கர்) நல்லதில்ல. கேக்கப் போற நேரத்துக்கு அரை மணி முன்னாடி போட்டுட்டு காபி குடிச்சிட்டு வாங்க, போதும்.

மாசக்கணக்கா போடாமலே வைக்கறதும் ஆபத்துதான், முக்கியமா கடலோரத்துல, உப்புக்காத்துல காண்டாக்ட் எல்லாம் கறுத்துடும், கெப்பாசிட்டருக்குள்ள இருக்கற ஆக்சைடு படலமும் கெட்டுப்போகும். மாசம் ஒரு தடவ ஒரு மணி நேரம் பாட்டுப் போடுங்க. பரண்ல பல வருஷம் கெடந்த டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப எறக்குனா நேரா பிளக்குல சொருகாம, எலக்ட்ரீஷியன்கிட்ட சீரிஸ் போர்டு இருக்கும், 100 வாட் குண்டு பல்பு போட்டு அது வழியா குடுக்கச் சொல்லுங்க. பல்பு பளிச்சுனு எரிஞ்சு மங்குனா சரி, மங்காம எரிஞ்சிட்டே இருந்தா உள்ள ஷார்ட், பிளக்க கழட்டிட்டு சர்வீஸுக்கு தூக்கிட்டுப் போங்க.