பிள்ளைக்கு இப்போதே ஒரே விளையாட்டு வேண்டாமே

காலையில் நெட்ஸ், மாலையில் அகாடமி, ஞாயிறு மேட்ச் என்று எட்டாவது படிக்கும் பிள்ளையை வருஷம் முழுக்க கிரிக்கெட்டிலேயே விடும் சென்னைப் பெற்றோர் கொஞ்சம் கவனியுங்கள். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வந்தால் வளரும் எலும்பு தாங்காது. வேகப்பந்து போடும் பிள்ளைகளுக்குக் கீழ்முதுகு எலும்பில் நுண்விரிசல் விழுவது அப்படித்தான். "முதுகு வலிக்குது" என்றால் தைலம் தேய்த்து மறுநாளே அனுப்பிவிடாதீர்கள். பந்துவீச்சை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரே விளையாட்டில் இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம். அந்த விளையாட்டுக்கு வருஷத்தில் 3 மாதமாவது, மாதம் மாதமாகப் பிரித்து, ஓய்வு தரவும் சொல்கிறது.

நம்ம ஊரில் இது சுலபம். ஏப்ரல், மே வெயிலில் நீச்சல்; வேளச்சேரியிலும் மெரினாவிலும் பொது நீச்சல் குளங்கள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் சேறாகக் கிடக்கும்போது பேட்மிண்டன். கால் வேகமும் கண் கூர்மையும் கிரிக்கெட்டுக்கும் கூடவே வரும். ஆஸ்திரேலியாவின் எலிஸ் பெர்ரி கிரிக்கெட், கால்பந்து இரண்டிலும் உலகக் கோப்பை ஆடியவர்!

ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற சில விளையாட்டுகள் விதிவிலக்கு. அவற்றில் சீக்கிரமே இறங்க வேண்டியிருக்கும்.