அவசரத்தில் அடுத்த துறையிடம் யோசனை கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முன்பு வேலை பார்த்த திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்றில், சரக்கைத் தூத்துக்குடிக்கு அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியிருந்த ஒரு மாலையில், வாங்குபவரின் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒருவர் துணி வெட்டும் கட்டிங் பிரிவின் வாசலில் நின்றபடியே, "மாஸ்டர், துணிய எட்டு மணி நேரம் விரிச்சு விட்டா போதுமா?" என்று கேட்டார். வெட்டுவதற்காகத் துணியை அடுக்கடுக்காக விரித்து லே போட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் தலையை நிமிர்த்தாமல், "போதும் தம்பி, வெட்டிக்கலாம்" என்றார். துணி அப்போது ஸ்டோரில்தான் இருந்தது. இரவு ஷிப்டில் வேறொருவர் அதை வெட்டினார்.

மாஸ்டர் சாதாரணப் பருத்தித் துணி என்று எண்ணிக்கொண்டார். வந்ததோ லைக்ரா என்ற இழுபடும் இழை கலந்த துணி. ரோலில் இழுபட்டுச் சுற்றப்பட்டிருக்கும் பின்னல் துணி, விரித்துப் போட்ட பிறகு மெல்லச் சுருங்கித்தான் தன் இயல்பான அளவுக்குத் திரும்பும் என்பதால், லைக்ரா கலந்ததற்கு ஒரு நாள் முழுவதும் விடுவதே பலரின் வழக்கம். அந்த அவகாசம் கிடைக்காத துண்டுகள் வெட்டிய பின் சுருங்கின. தைத்து முடித்த சட்டைகள் வாங்குபவர் கேட்ட நீளத்துக்குக் குறைவாக இருந்தன.

நெருக்கடி நேரத்தில் நாம் செய்யும் முதல் தவறு இதுதான்: பதில் விரைவாக வர வேண்டும் என்பதற்காகக் கேள்வியை நறுக்கிவிடுகிறோம். கேட்பவரின் தலைக்குள் துணியின் வகை, ஆர்டர், கெடு எல்லாம் இருப்பதால், அவருக்குத் தன் கேள்வி முழுமையானதாகவே தோன்றுகிறது. விடுபட்ட இடத்தைக் கேட்கப்பட்டவர் தன் அன்றாட அனுபவத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறார். அப்படி நிரப்பியது அவருக்கே தெரிவதில்லை. மருத்துவர்கள் சக மருத்துவரிடம் வாய்மொழியாகக் கேட்கும் ஆலோசனையைப் பற்றி அமெரிக்காவில் நடந்து 2013இல் வெளியான ஆய்வொன்றும் இதையே காட்டியது. அத்தகைய 47 ஆலோசனைகளில் 24இல் நோயாளியைப் பற்றிச் சொல்லப்பட்ட தகவல் தவறாகவோ குறையாகவோ இருந்தது. நோயாளியை வேறொரு மருத்துவர் நேரில் பார்த்த பிறகு, 28இல் ஆலோசனையே மாறியது. துணிக்கும் நோயாளிக்கும் ஒப்புமை அதிகமில்லைதான். ஆனாலும், எதிரில் இல்லாத பொருளைப் பற்றி இரண்டு வரியில் கேட்பதில் உள்ள ஆபத்து ஒன்றே. "லைக்ரா துணி, நாளைக் காலை வெட்டணும்" என்று சேர்த்துச் சொல்ல ஐந்து விநாடி கூட ஆகாது.

"போதுமா?" என்று கேட்டதும் ஒரு தவறே. விடையைத் தன்னுள் வைத்துக்கொண்டு வரும் கேள்விக்கு, கை ஓயாமல் வேலை செய்பவர் 'ஆம்' என்று சொல்லி அனுப்பிவிடுவார். "எவ்வளவு நேரம் விடணும் மாஸ்டர்?" என்று கேட்டிருந்தால், "என்ன துணி?" என்ற எதிர்க்கேள்வி வந்திருக்க நியாயமுண்டு. பதில் சொல்பவருக்கும் இதில் பங்குண்டு: இப்போது யோசிக்க முடியாது என்றால், அரை மணி நேரம் கழித்து வரச் சொல்வது, தலை நிமிராமல் சொல்லும் 'போதும்' என்பதைவிடப் பெரிய உதவி.

வாய்ச்சொல் அடுத்த கைக்குப் போகும்போது அதன் நிபந்தனைகள் உதிர்ந்துவிடுகின்றன. இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேர்ந்தது "மாஸ்டர் சொல்லிட்டார்" என்பது மட்டுமே. யோசனை அங்கே உத்தரவாகிவிட்டது. யாரிடம், எதைப் பற்றி, எந்த அளவில் கேட்டோம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி, யோசனை சொன்னவருக்கும் அனுப்பியிருந்தால் அவரே திருத்தியிருப்பார். தெரிந்தவரைத் தேடாமல் அருகில் இருப்பவரிடம் கேட்பதும் அவசரத்தில் சகஜம். அதைப் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை.

நிர்வாகம் செய்யும் தவறு வேறு வகை. இப்படி ஒன்று நடந்தவுடன், எல்லாவற்றையும் மின்னஞ்சலில்தான் கேட்க வேண்டும் என்று சுற்றறிக்கை வரும். கப்பல் காத்திருக்காத நாளில் யாரும் மின்னஞ்சலுக்குக் காத்திருப்பதில்லை. கேட்காமலேயே முடிவெடுப்பார்கள், அது இன்னும் மோசம்.

விளைவைத் திரும்பிப் போய்ச் சொல்லாமல் விடுவது, என் கணக்கில், இவற்றுள் மிகவும் மலிந்த தவறு. சட்டைகள் குட்டையான செய்தி மாஸ்டருக்குப் பல நாட்கள் கழித்தே தெரிந்தது. அதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் அவர் அதே எட்டு மணி நேரத்தையே சொல்லிக்கொண்டிருந்தார்.