பாடிப் பழகும் பிள்ளைகளிடம் நாம் விடும் பிழைகள்

கல்லடியில் வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் உள்ளே பாட, அம்மாமார் விறாந்தையில் இருப்பார்கள். அவர்கள் அடிக்கடி சொல்வது இது: "வீட்டில ஒரு மணித்தியாலம் பாடுறாள் ரீச்சர், ஆனா திருந்துதில்லை." வீட்டில் எப்படிப் பாடுவாயோ அப்படியே பாடு என்று பிள்ளையிடம் கேட்டால், காரணம் அநேகமாக அங்கேயே தெரிந்துவிடும்.

போன மாதம் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி, ஆரம்பச் சுரப் பயிற்சியான சரளி வரிசையில் முதலாவதைப் பாடினாள். ராகம் மாயாமாளவகௌளை. ஏறும்போது குறையே இல்லை. இறங்கும்போது, 'க'விலிருந்து 'ரி'க்கு வரும் இடத்தில் 'ரி' கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. இந்த ராகத்தின் 'ரி', அதாவது சுத்த ரிஷபம், 'ஸ'வை ஒட்டி இருக்கிற சுரம். 'க'விலிருந்து அதற்கு நீண்ட இறக்கம் என்பதால் சின்னப் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுவார்கள். பிழை அவள் காதுக்கும் கேட்டது. உடனே கீழ் 'ஸ'விலிருந்து மறுபடி தொடங்கினாள். அதே இடம், அதே பிழை. மூன்றாம் தடவையும் அப்படித்தான். வீட்டில் ஒரு மணித்தியாலமும் இப்படியே போனால், பாடும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பிழையைத்தான் பாடமாக்குகிறாள்.

தாளத்தை நிறுத்தினேன். 'ம க ரி ஸ' மட்டும் போதும் என்றேன். முதலில் 'ஸ'வை நீட்டி, அதிலிருந்து 'ரி'யைத் தொட்டுத் திரும்புவது. அது நிலைத்த பிறகு 'க'விலிருந்து மெதுவாக இறங்குவது. பத்துப் பன்னிரண்டு தடவையில் 'ரி' தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. நான் வாய் திறக்கமுன் அவளே நிமிர்ந்து, "இப்ப சரி, என்ன ரீச்சர்?" என்றாள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் இந்த வேலையைச் செய்கிறேன்.

பிள்ளைக்கு ஆர்வம் குறைகிறது என்று வருகிற பெற்றோரிடம் நான் கேட்பதும் இதுதான்: இந்தக் கிழமை தனக்கு எது திருந்தியது என்று பிள்ளைக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் சலிப்பு வரத்தான் செய்யும். பாட்டுக் கொப்பியில் அன்றன்று திருந்திய ஒரு இடத்தை எழுதவைத்துப் பாருங்கள். ஒரு வரி போதும். நேரமும் அப்படித்தான். தினம் பதினைந்து, இருபது நிமிடம் சின்னவர்களுக்குத் தாராளம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் இருத்தி வைப்பதில் தொண்டைதான் களைக்கும்.

வேகமும் ஒரு பொறி. முதலாம் காலம் என்கிற மெதுவான வேகம் உறுதியாக வரமுன், மிக வேகமான மூன்றாம் காலத்துக்கு ஓடுகிறார்கள். சுரங்களை இரட்டையாகப் பாடும் ஜண்டை வரிசையில் இது உடனே பிடிபடும்: 'ஸஸ'வில் இரண்டாவது 'ஸ'வுக்கு அழுத்தம் விழவேண்டும், வேகத்தில் இரண்டும் சேர்ந்து ஒரு நீண்ட 'ஸா'வாகிவிடும். சுருதியையும் கவனியுங்கள். போனில் சுருதிப்பெட்டி இருப்பது நல்ல வசதி, ஆனால் அப்பா தனக்கு வசதியான கட்டையில், அதாவது சுருதி உயரத்தில், போட்டுவிட்டால் பிள்ளை பாவம். எந்தக் கட்டை என்று ஆசிரியரிடம் கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை நெருங்கினால் மட்டும் பாடவைப்பது, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை வருடம் வந்ததும் பாட்டு வகுப்பையே நிறுத்துவது, இரண்டும் இங்கே வழக்கமாகிவிட்டன. நிறுத்தியவர்களில் பலர் திரும்பி வருவதில்லை, அது எனக்குப் பெரிய கவலை. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. பழந்தமிழ் இசையை ஆராயும் யாழ் நூலை 1947இல் தந்தவரும் அவர்தான். படிப்பைப் பாட்டுக் கெடுக்கும் என்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். புலமைப்பரிசில் வருடத்தில் பத்து நிமிடமாகக் குறையுங்கள், விட்டுவிட வேண்டாம்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும். நேற்றுவரை எட்டிய மேல் 'ஸ' இன்று கிறீச்சிடும். அதைக் கேட்டு வீட்டில் யாராவது சிரித்தால் அந்தப் பிள்ளை பிறகு வாய் திறக்கமாட்டான். அந்த மாதங்களில் கட்டையை இறக்கி, மேல் ஸ்தாயியை விட்டு, மெதுவாகப் பாடவிடுங்கள். தொண்டை நொந்தால் அன்றைக்குத் தாளம் போட்டுச் சுரம் சொல்லட்டும். குரல் ஒரு இடத்தில் நின்ற பிறகு புதுக் கட்டையைப் பார்த்துக்கொள்ளலாம்.