உயர்தர ஹெட்போனில் கைவைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்ல ஹெட்போன் ஒன்றை வாங்கிய சில மாதங்களிலேயே, அதிலிருந்து இன்னும் சிறந்த ஒலியைப் பெற முடியாதா என்ற ஆவல் பலருக்கும் எழுகிறது. அந்த ஆவல் நியாயமானது. சரியான ஆம்ப்ளிஃபையரும் அளவறிந்து செய்த சிறு மாற்றமும் காதுக்குத் தெளிவாகத் தெரியும் பலனைத் தருகின்றன. ஆனால் புதிதாக வருவோர் கொண்டுவரும் கருவிகளையும் அவர்கள் கேட்கும் கேள்விகளையும் பார்க்கும்போது, முன்பு எங்களில் பலர் இடறிய அதே இடங்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள் என்பது தெரிகிறது. ஒலியளவைக் குறைக்காமல் ப்ளக்கைச் செருகுவது, வலதையும் இடதையும் மாற்றி அணிவது போன்றவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை நேர்ந்த கணத்திலேயே தெரிந்துவிடும். வெளியே தெரியாமல் இருந்து பணத்தைத் தின்னும் தவறுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வாட் கணக்கை மட்டும் பார்த்து ஆம்ப்ளிஃபையர் வாங்குவது

ஓம் கூடினால் ஹெட்போனை இயக்குவது கடினம், ஓம் குறைந்தால் எளிது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இரண்டு ஹெட்போன்களை எடுத்துக்கொள்வோம். சென்ஹைசர் எச்டி 650-இன் இம்பிடென்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் ஒலி தரும். இசையின் உச்சக் கணங்களில் 110 டெசிபலை எட்ட அதற்கு ஏறத்தாழ 2.2 வோல்ட் போதும். அப்போது பாயும் மின்னோட்டம் 7.5 மில்லிஆம்பியர், செலவாகும் திறன் 17 மில்லிவாட்டுக்கும் குறைவு. ஹைஃபைமேன் எச்இ-6 வெறும் 50 ஓம்தான். ஆனால் 1 மில்லிவாட்டுக்கு அது தருவது 83.5 டெசிபல் மட்டுமே. ஆகவே அதே 110 டெசிபலை எட்ட 4.7 வோல்ட்டும் 95 மில்லிஆம்பியரும், அதாவது ஏறத்தாழ 450 மில்லிவாட்டும் தேவைப்படுகின்றன. ஓம் குறைந்த ஹெட்போன்தான் இங்கே இருபத்தைந்து மடங்குக்கும் மேலான திறனைக் கேட்கிறது.

எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு ஒலி என்ற இந்த உணர்திறனைச் சில நிறுவனங்கள் வோல்ட்டுக்கும் சில மில்லிவாட்டுக்கும் கணக்கிட்டு அச்சிடுகின்றன. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் 300 ஓம் ஹெட்போனில் 5 டெசிபலுக்கு மேல் பிழை வரும். வாங்கும் முன் வோல்ட், மின்னோட்டம் இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான். தேவைக்கு மிஞ்சிய கெயின் (சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) உள்ள ஆம்ப்ளிஃபையரில் ஒலியளவுக் குமிழை அடிமட்டத்திலேயே வைத்துக் கேட்க நேரும். அந்த இடத்தில்தான் பெரும்பாலான குமிழ்களில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போகின்றன.

வெளியீட்டு இம்பிடென்ஸைக் கவனிக்காமல் விடுவது

1996-இல் வெளியான ஐஇசி 61938 என்ற தரநிலை, ஹெட்போன் வெளியீட்டுக்கு 120 ஓம் இம்பிடென்ஸைப் பரிந்துரைத்தது. இன்று ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு இம்பிடென்ஸ், ஹெட்போனின் இம்பிடென்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பதே பொதுவான விதி. 120 ஓம் வெளியீட்டில் எச்டி 650-ஐ இணைத்தால், அதன் இம்பிடென்ஸ் எகிறும் தாழ்ந்த அதிர்வெண்களில் ஏறத்தாழ 1 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். சிலர் அதை விரும்பியே கேட்கிறார்கள், அதில் தவறில்லை. தட்டையான சவ்வைக் காந்தங்களால் அசைக்கும் பிளேனார் ஹெட்போன்களின் இம்பிடென்ஸ் ஏற்ற இறக்கமின்றி இருப்பதால் ஒலியின் சமநிலை மாறாது, திறன்தான் வீணாகும். 32 ஓம் அல்லது அதற்கும் குறைந்த டைனமிக் (கம்பிச்சுருளால் இயங்கும் வழக்கமான வகை) ஹெட்போன்களிலும், பல டிரைவர்கள் (ஒலி எழுப்பும் பாகங்கள்) கொண்ட காதுக்குள் செருகும் வகைகளிலும்தான் ஒலி அடையாளமே தெரியாமல் மாறிவிடுகிறது.

பேலன்ஸ்டு வெளியீட்டில் அடாப்டர் போட்டு மூன்று தொடர்பு ப்ளக்கைச் செருகுவது

இந்தத் தவறு இன்றும் என்னைக் கோபப்படுத்துகிறது. ஏனெனில் இதைச் செய்வதற்கான பொருளை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விற்கிறார்கள்.

பேலன்ஸ்டு ஆம்ப்ளிஃபையரின் உள்ளே ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு பெருக்கிகள் உண்டு. ஒன்று சமிக்ஞையை நேராகவும், மற்றொன்று அதைத் தலைகீழாகத் திருப்பியும் வெளியிடுகின்றன. டிரைவர் அவ்விரண்டுக்கும் நடுவே இணைகிறது. இதற்குப் பயன்படும் எக்ஸ்எல்ஆர் என்ற நான்கு பின் வட்ட இணைப்பியில் 1-ஆம் பின் இடது பிளஸ், 2 இடது மைனஸ், 3 வலது பிளஸ், 4 வலது மைனஸ். இந்த மைனஸ் என்ற பெயரைப் பார்த்து அது கிரவுண்ட் என்று எண்ணிவிடுகிறார்கள். அது கிரவுண்ட் அல்ல. பிளஸ்ஸைப் போலவே மின்னழுத்தம் ஏறி இறங்கும் முழு வெளியீடு.

சாதாரண 6.35 மில்லிமீட்டர் ப்ளக்கில் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவானது. எக்ஸ்எல்ஆரிலிருந்து 6.35-க்கு மாற்றும் அடாப்டரை ஆம்ப்ளிஃபையரில் செருகிய கணத்தில், இடது மைனஸும் வலது மைனஸும் அந்தப் பொது அடிப்பகுதியில் ஒன்றாக இணைந்துவிடுகின்றன. இரண்டு பெருக்கிகளின் வெளியீடுகள் நேருக்கு நேர் ஷார்ட் ஆகின்றன. ஹெட்போன் மாட்டப்பட்டிருக்கிறதா இல்லையா என்பது ஒரு பொருட்டே அல்ல.

பிறகு ஏன் பலரும் தங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள்? பாடகரின் குரல், டிரம், தாழ்ந்த சுருதிகள் ஆகியவை பெரும்பாலான பதிவுகளில் நடுவில், இரு பக்கமும் சம அளவில் வைக்கப்படுகின்றன. அப்போது இரண்டு மைனஸ் வெளியீடுகளும் ஒரே நேரத்தில் ஒரே அளவு ஏறி இறங்குவதால் அவற்றுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு இல்லை, மின்னோட்டமும் பாயாது. இடதிலும் வலதிலும் வெவ்வேறு ஒலிகள் வரும்போதுதான் ஒரு பெருக்கி மற்றதை எதிர்த்துத் தள்ளத் தொடங்கும். வெளியீட்டு இம்பிடென்ஸ் மிகக் குறைவாக இருப்பதையே நல்ல ஆம்ப்ளிஃபையரின் இலக்கணம் என்று மேலே சொன்னேன். அந்த நற்குணமே இங்கே பகையாகிறது, ஏனெனில் ஷார்ட் ஆன மின்னோட்டத்தைத் தடுக்க இடையில் எதுவும் இல்லை.

என்னிடம் ஆலோசனை கேட்டுவரும் இளைஞர் ஒருவர், புதிய பேலன்ஸ்டு ஆம்ப்ளிஃபையரோடு இப்படியோர் அடாப்டரையும் வாங்கியிருந்தார். குரலிசையாகவே கேட்டுவந்ததால் எந்தக் குறையும் அவருக்குத் தெரியவில்லை. ஒருநாள் இடம் வலம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒலியை ஓடவிட்டிருக்கிறார். அது முதலில் இடப்பக்கம் மட்டும் ஒலிக்கும்; அதாவது ஒரு மைனஸ் முழு வீச்சில் அசையும்போது மற்றது பூஜ்யத்திலேயே நிற்கும். ஷார்ட்டுக்கு அது மிக மோசமான நிலை. ஒலி கரகரத்தது; பெட்டியிலிருந்து கருகிய வாடை வந்தது. கொண்டுவந்தபோது திறந்து பார்த்தோம். வெளியீட்டு டிரான்சிஸ்டர்களில் ஒன்றின் முகப்பு பிளந்திருந்தது. அதன் அடியில் பலகை பழுப்பேறியிருந்தது. அடாப்டரை மேசையில் வைத்து, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதிக்கும் நிலைக்குத் திருப்பி, ஒரு முனையை அடாப்டரில் ப்ளக்கின் அடிப்பகுதி தொடும் தகட்டிலும் மறுமுனையை 2-ஆம் பின்னிலும் வைத்தேன். மீட்டர் ஒலித்தது. 4-ஆம் பின்னில் வைத்தேன். மறுபடியும் ஒலித்தது. அவர் அந்தச் சோதனையை அடாப்டர் வந்த நாளில் செய்திருந்தால் அரை நிமிடம்தான் ஆகியிருக்கும்.

இழப்பு ஆம்ப்ளிஃபையரோடு நிற்பதில்லை. கருகிய வெளியீடு சில வேளை முழு நேர்மின்னழுத்தத்தையும் (டிசி) டிரைவருக்குள் செலுத்திவிடும். அப்போது டிரைவரை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலும் போய்விடும். பாதுகாப்பு ரிலே உள்ள கருவிகள் பலமுறை தப்புகின்றன; ஆனால் அதை நம்பிச் செருகக் கூடாது.

அடாப்டரின் திசைதான் முக்கியம். ஆம்ப்ளிஃபையர் பக்கம் நான்கு பின், ஹெட்போன் பக்கம் மூன்று தொடர்பு என்றால் அதைத் தொடாதீர்கள். ஆம்ப்ளிஃபையர் பக்கம் மூன்று தொடர்பு, ஹெட்போன் பக்கம் நான்கு என்றால் அச்சமின்றிப் பயன்படுத்தலாம்; அங்கே இரண்டு மைனஸ்களும் உண்மையான கிரவுண்டுக்கே போகின்றன. 4.4, 2.5 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஜாக்குகளுக்கும் இதே விதிதான். சில மலிவான கருவிகளில் பேலன்ஸ்டு என்று அச்சிட்ட ஜாக்கின் மைனஸ் முனைகள் உள்ளே கிரவுண்டோடு இணைந்திருக்கும். அங்கே இந்த அடாப்டர் தீங்கு செய்யாது என்பதால், அதைப் பயன்படுத்தியவர்கள் மற்றவர்களுக்கும் தைரியம் சொல்லிவிடுகிறார்கள். எச்இ-6 போன்றவற்றை ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையரில் இணைப்போருக்கும் இதே ஆபத்து உண்டு: இரண்டு பெருக்கிகளைப் பாலமாக்கி இயக்கும் கிளாஸ்-டி வகைகள் பலவற்றில் கறுப்பு முனைகளும் வெளியீடுகளே, அவற்றை ஒன்றாக முறுக்கிப் பொது முனை ஆக்கினால் முடிவு மேலே சொன்னதுதான்.

பேலன்ஸ்டு வேண்டுமென்றால் கேபிளை மாற்றுங்கள். எச்டி 600, எச்டி 650 போன்றவற்றில் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே இரண்டு கம்பிகள் செல்வதால் நான்கு பின் கேபிளை நேரடியாகப் பொருத்திவிடலாம். ஒற்றைக் கேபிள் ஒரு காதுக்குள் நுழைந்து தலைப்பட்டை வழியே மூன்று கம்பியாக மறுகாதுக்குப் போகும் வகைகளில், உள்ளே திறந்து புதிய கம்பி இழுக்காமல் அது நடக்காது.

காதைச் சுற்றியுள்ள பேட்டை அலங்காரப் பொருளாக நினைப்பது

காதுக்கும் டிரைவருக்கும் இடையிலுள்ள தூரம், அங்கே அடைபடும் காற்றின் அளவு, அது கசியும் வழி ஆகிய மூன்றையும் பேட்தான் தீர்மானிக்கிறது. துணி பேட்டை எடுத்துவிட்டுத் தடித்த தோல் பேட்டைப் போட்டால் தாழ்ந்த சுருதிகள் தடித்து, நடுச் சுருதிகள் அமுங்கலாம். மாதிரிக்கு மாதிரி விளைவு வேறுபடும். பேட்டால் கெட்ட ஒலியைச் சரிசெய்யப் புதிய ஆம்ப்ளிஃபையர் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒலி மாறிவிட்டதாகத் தோன்றினால் முதலில் பேட் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பல மாற்றங்களை ஒரே நாளில் செய்வது

ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி என்ற பிளேனார் ஹெட்போன் இத்தகைய வேலைகளுக்குப் பெயர்போனது; அதன் கிண்ணத்துக்குள் களிமண் போன்ற ஒட்டுப்பொருளையும் பஞ்சையும் ஃபெல்ட்டையும் ஒரே மாலையில் திணித்துவிட்டு, எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் வருவோர் பலர். ஒரு மாற்றத்தை ஒரு பக்கத்தில் மட்டும் செய்து, மறுபக்கத்தோடு அதே மோனோ ஒலியில் ஒப்பிடுங்கள். காதுக்குள் வைக்கும் மைக்கும் ஒலியை அளக்கும் ஆர்இடபிள்யூ மென்பொருளும் இருந்தால் வரைபடமாகவே பார்க்கலாம். திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாத எதையும் முதல் முயற்சியாகச் செய்யாதீர்கள். 2009-இல் வந்த சென்ஹைசர் எச்டி 800-இல் 6 கிலோஹெர்ட்ஸ் அருகே இருந்த துருத்தலை அடக்க ஆர்வலர்கள் கண்டுபிடித்த ஒத்ததிர்வுத் துண்டு எனக்கு மிகப் பிடித்த மாற்றம்: குறை எந்த அதிர்வெண்ணில் என்று முதலில் அளந்தார்கள், அதற்கு மட்டும் மருந்து வைத்தார்கள், வேண்டாமென்றால் கழற்றிவிடவும் முடிந்தது. பின்னர் நிறுவனமே எச்டி 800 எஸ்-இல் அதே நோக்கத்துக்கு ஓர் உறிஞ்சியைச் சேர்த்தது.

பிளேனார் டிரைவர் அருகே இரும்பு

சால்டரிங் அயர்னின் நுனியும் இடுக்கியும் ஸ்க்ரூ டிரைவரும் காந்தத்தால் சட்டென்று இழுக்கப்பட்டுச் சவ்வைக் கிழிக்கும். கம்பியை வெளியே எடுத்துவைத்துப் பற்றவையுங்கள்.

ஒலியளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடுவது

1 டெசிபல் சத்தம் கூடிய கருவி, சத்தம் கூடியது என்று நமக்குத் தோன்றாது. சிறந்தது என்று தோன்றும். இரு ஆம்ப்ளிஃபையர்களை ஒப்பிடும் முன் ஹெட்போன் இணைந்த நிலையிலேயே ஒரு சோதனை ஒலியை ஓடவிட்டு, வெளியீட்டு வோல்ட்டை மல்டிமீட்டரில் அளந்து சமப்படுத்துங்கள். சாதாரண மீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்ணில் தவறாகக் காட்டுவதால் 200 ஹெர்ட்ஸ் போல ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 0.1 டெசிபலுக்குள் இருக்க வேண்டுமென்றால், ஒன்றில் 0.500 வோல்ட் எனில் மற்றதில் 0.506-ஐத் தாண்டக் கூடாது. இதைச் செய்த பிறகும் வேறுபாடு கேட்டால் அந்த வேறுபாட்டை நம்பலாம்.

ஈக்வலைசரில் உயர்த்திவிட்டு அப்படியே விடுவது

எந்தப் பட்டையை 6 டெசிபல் உயர்த்தினாலும் மொத்த அளவை முன்கூட்டியே 6 டெசிபல் குறையுங்கள்.

வால்வு ஆம்ப்ளிஃபையரை ஹெட்போன் மாட்டியபடியே இயக்குவது

வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு வகைகளில், சூடேறும்போது வெளியீட்டு கெப்பாசிட்டர் நிரம்பும் வரை டிரைவர் வழியே மின்னழுத்தம் துள்ளும். சூடேறிய பிறகு செருகுங்கள். எந்த வகையாக இருந்தாலும், சொந்தமாகக் கட்டிய ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில் நேர்மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இல்லை என்று அளந்த பிறகே நல்ல ஹெட்போனை இணைக்க வேண்டும்.

ஸ்டாக்ஸின் நடுப் பின்னை வெட்டுவது

ஸ்டாக்ஸ் மின்நிலையியல் ஹெட்போன்களில் பழைய ஆறு பின் வகை 230 வோல்ட் பயாஸுக்கும் (சவ்வுக்குக் கொடுக்கும் நிலையான மின்னழுத்தம்), ஐந்து பின் புரோ வகை 580 வோல்ட்டுக்கும் வடிவமைக்கப்பட்டவை. ஐந்து பின் ப்ளக் ஆறு துளை சாக்கெட்டில் நுழையும். ஒலி குறைவாக வருமே தவிரத் தீங்கில்லை. ஆறு பின் ப்ளக் ஐந்து துளையில் நுழையாது. அதற்குக் காரணம் உண்டு. பழைய வகையில் சவ்வுக்கும் தகட்டுக்கும் இடையிலான இடைவெளி குறைவு என்பதால், கூடிய மின்னழுத்தத்தில் சவ்வு தகட்டில் ஒட்டிக்கொள்ளவோ பொறி தாவவோ வாய்ப்பிருக்கிறது. நடுப் பின்னை வெட்டி நுழைப்பதற்குப் பதிலாக, 230 வோல்ட் சாக்கெட் உள்ள பழைய டிரைவர் யூனிட் (ஸ்டாக்ஸின் ஆம்ப்ளிஃபையர்) ஒன்றைத் தேடி வாங்குங்கள்.