எலுமிச்சையில் கோந்து வடிகிறதா? முதலில் தூரில் இருக்கும் மண்ணைத் தள்ளுங்கள்

ஆனேக்கல் பக்கம் எங்களுக்கு அரை ஏக்கரில் எலுமிச்சையும் சாத்துக்குடியும் இருக்கிறது (பெங்களூரில் மோசம்பி என்று கேட்டால்தான் கொடுப்பார்கள்). பக்கத்து நிலத்தில் லேஅவுட் போடுகிறோம் என்று மண்ணடித்து மேடாக்கினார்கள், செப்டம்பர் மழைத் தண்ணீர் மொத்தமும் எங்கள் பக்கம் இறங்கி நாலைந்து நாள் நின்றது. இரண்டே மாதத்தில் ஆறு மரம் மஞ்சளடித்தது. சத்துக் குறைவு என்று நினைத்து யூரியாவும் துத்தநாகமும் அள்ளிக் கொட்டினேன். வெட்டிச் செலவு. குனிந்து அடிமரத்தைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இலை நடுநரம்போடு சேர்ந்து மஞ்சளாகிறது, மரம் காலம் தப்பிப் பூத்துத் தள்ளுகிறது என்றால் சந்தோஷப்படாமல் தூரைப் பாருங்கள். பட்டை வெடித்துப் பழுப்புக் கோந்து வடியும், நகத்தால் சுரண்டினால் உள்ளே ஈரமாக, காப்பித்தூள் நிறத்தில் அழுகியிருக்கும். இதைச் செய்வது பைட்டோப்தோரா. பூஞ்சை என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், கண்டிப்பாகப் பார்த்தால் அது பூஞ்சையின் தூரத்து உறவு, அவ்வளவுகூட இல்லை. நமக்குத் தேவையான விஷயம் ஒன்றுதான்: அதன் வித்துக்கள் தண்ணீரில் நீந்திப் போகும். தண்ணீர் தூரில் நிற்கும்வரை நீங்கள் எந்த மருந்து அடித்தாலும் அது திரும்ப வரும்.

அதனால் முதல் வேலை மண்வெட்டிதான். தூரைச் சுற்றி அணைத்த மண்ணை, எருவை, மூடாக்கை எல்லாம் விலக்கி ஒட்டுக்கட்டின இடம் வெளியே தெரியும்படி செய்யுங்கள், அந்த ஒட்டு மண்ணிலிருந்து ஒரு சாணாவது மேலே இருக்கவேண்டும். பாத்தியை இரட்டை வட்டமாகப் போடுங்கள்: உள்வட்டம் மரத்தைச் சுற்றி மேடாக, தண்ணீர் வெளிவட்டத்தில் மட்டும். சொட்டுநீர்க் குழாய் அடிமரத்தை ஒட்டி இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள், நான் செய்த இரண்டாவது தப்பு அது.

அப்புறம் அழுகின பட்டையைச் சுத்தமான கத்தியால் நல்ல பட்டை தெரியும்வரை சீவி எடுங்கள். சீவினதை அங்கேயே போடாமல் எரித்துவிடுங்கள். ஒருநாள் காயவிட்டு போர்டோ பசை பூசலாம். 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு இன்னொரு அரை லிட்டரில், இரண்டும் பிளாஸ்டிக் வாளியிலோ மண்பானையிலோதான், இரும்பு, தகரம் கூடாது. சுண்ணாம்பு கொதிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஆறினதும் துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான கத்தியை ஒரு நிமிஷம் முக்கிப் பாருங்கள், செம்பு நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். அன்றைக்கே பூசித் தீர்க்கவேண்டும், மறுநாளைக்கு ஆகாது. கடையில் மைலுதுத்தா என்று கன்னடத்தில் கேளுங்கள், சட்டென்று எடுத்துக்கொடுப்பார்கள்.

பசையைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை பூசுங்கள், நல்ல மரங்களுக்கும் சேர்த்து, மே மாதக் கடைசியில் ஒருமுறை, மழை ஓய்ந்ததும் ஒருமுறை. நோய் முற்றின மரத்துக்கு மெட்டலாக்சில், மான்கோசெப் சேர்ந்த மருந்து லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம், பாக்கெட்டில் போட்டிருப்பதையும் பார்த்துக்கொண்டு, தூர் நனைய ஊற்றலாம். ட்ரைக்கோடெர்மா என்கிற நன்மை செய்யும் பூஞ்சையை மக்கின சாணத்தில் கலந்து வேர்ப்பகுதிக்குக் கொடுப்பதும் நல்லதுதான், ஆனால் செம்பு மருந்து போட்ட கையோடு போட்டால் அதுவும் சேர்ந்து செத்துப்போகும், சில வாரம் இடைவெளி விடுங்கள். பட்டை பாதிச் சுற்றுக்கு மேல் போயிருந்தால் மரத்தை எடுத்துவிடுவதே மேல். எனக்கு ஆறில் இரண்டு அப்படிப் போனது.

மற்றதெல்லாம் இவ்வளவு பெரிய தலைவலி இல்லை. நுனிக்கிளை காய்ந்துகொண்டே வந்தால் பச்சைக் கட்டை தெரியும் இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டி, வெட்டுவாயில் அதே பசை. இலையில் கரி பூசின மாதிரி இருந்தால் குற்றவாளி அந்தக் கரிப்பூஞ்சை இல்லை, அது சும்மா பூச்சி விடும் தேன்கசிவில் வளர்கிறது. அசுவினியையும் வெள்ளை ஈயையும் பாருங்கள், கரியைக் கஞ்சித் தண்ணீர் அடித்து உரிக்கலாம். காயில் சொரசொரப்பான புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம் என்றால் அது சொறிநோய், பாக்டீரியா, செம்பு மருந்து தவிர மற்ற பூஞ்சை மருந்தெல்லாம் அதற்குச் சரிப்படாது. எது என்று பிடிபடாவிட்டால் ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, இலை, பட்டை, வேர், ஒரு பிடி மண் எல்லாம் கட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

மரம் எடுத்த குழியில் உடனே நடாதீர்கள். நடும்போது ஜம்பேரி என்கிற எலுமிச்சை வகையின் வேரில் ஒட்டின கன்று வேண்டாம், அது இந்த அழுகலுக்குச் சீக்கிரம் விழும். ரங்க்பூர் எலுமிச்சை வேர் கொஞ்சம் தாங்கும். எந்த வேரில் ஒட்டியது என்று நர்சரியில் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள், பரவாயில்லை, ஒட்டு உயரமாக இருக்கிற கன்றாகப் பார்த்து எடுங்கள்.