பழைய ஃபோக்ஸ்வேகன் பஸ்ஸுக்கு எத்தனை இன்ச் ஸ்டியரிங் போடலாம்

பழைய ஃபோக்ஸ்வேகன் பஸ், அதாவது இஞ்சின் பின்னாடி இருக்கற அந்த வேன், வாங்கினவங்க நிறைய பேரு முதல்ல கை வைக்கறது ஸ்டியரிங்லதான். ஒரிஜினல் வீல்ல பிளாஸ்டிக் வெடிச்சுப் போயிருக்கும், இல்லன்னா அந்த சைஸ பார்த்ததும் "இது என்ன லாரி ஸ்டியரிங்கா"ன்னு தோணும், உடனே 14 இன்ச்ல அழகா ஒண்ண ஆர்டர் போட்டு மாட்டிட்டு, முதல் தடவை ரிவர்ஸ்ல பார்க் பண்ணும்போது முழி பிதுங்கி நிப்பாங்க. அப்படி ஆகாம இருக்க என்னென்ன பார்க்கணும்னு சொல்றேன். 1967 வரைக்கும் ஜெர்மனில வந்த ஸ்ப்ளிட் கண்ணாடி மாடலையும் (முன் கண்ணாடி ரெண்டு துண்டா இருக்கும்), அதுக்கப்புறம் 1979 வரைக்கும் வந்த பே விண்டோ மாடலையும் (ஒரே பெரிய வளைஞ்ச கண்ணாடி) மனசுல வச்சுதான் சொல்றேன், ஆனா பவர் ஸ்டியரிங் இல்லாத எந்தப் பழைய வேனுக்கும் கணக்கு இதேதான்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், கம்பெனிக்காரன் அவ்ளோ பெருசா வச்சது ஸ்டைலுக்கு இல்ல. இந்த வண்டில பவர் ஸ்டியரிங் கிடையாது, வீலோட விட்டம்தான் உங்களுக்கு பவர் ஸ்டியரிங். இஞ்சின் பின்னாடி இருக்கறதால முன்பக்கம் லைட்டாதான் இருக்கும்னு நினைப்போம், ஆனா டிரைவர் சீட்டு முன் ஆக்சிலுக்கு நேர் மேல இருக்கு, பக்கத்துல இன்னொரு ஆள் உக்காந்தா அந்த வெயிட்டும் நேரா முன் டயர் மேலதான் இறங்குது. அதனாலதான் பீட்டில் கார் வீல் 40 செ.மீ. பக்கம் இருக்கும்போது பஸ்ஸுக்கு அதைவிட ஒரு இன்ச் போல கூடவே குடுத்தாங்க. உங்க வண்டில இப்ப இருக்கறது ஒரிஜினலான்னு சொல்ல முடியாது, நடுவுல யாராவது மாத்தியிருப்பாங்க, அதனால டேப் எடுத்து வெளி விளிம்புல இருந்து வெளி விளிம்பு வரைக்கும் நீங்களே அளந்துக்கோங்க. வாங்கப்போற வீலையும் அதே மாதிரி வெளிப்பக்கம் அளந்த அளவான்னு கடைக்காரர்ட்ட கேட்டுடுங்க, சிலர் ரிம்மோட நடுவுல இருந்து நடு வரைக்கும் அளந்து சொல்லுவாங்க, அங்கேயே ரெண்டு மூணு செ.மீ. போயிடும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். விட்டம் குறையக் குறைய கைல இழுக்கற பலம் ஏறும், பழைய அளவை புது அளவால வகுத்தா எத்தனை மடங்குன்னு தெரிஞ்சிடும். 42 செ.மீ. வீல எடுத்துட்டு 38 போட்டா கிட்டத்தட்ட 10 சதவீதம் கூட இழுக்கணும், 35 போட்டா 20 சதவீதம், 30 போட்டா 40 சதவீதம். 10 சதவீதம் ரெண்டு நாள்ல பழகிடும், 20 வந்தா டவுனுக்குள்ள தோள் வலிக்கும், 40 எல்லாம் வண்டிய ஷோல நிறுத்தி வைக்கறவங்களுக்கு மட்டும்தான். நம்பிக்கை இல்லன்னா லக்கேஜ் எடை பார்க்கற கொக்கித் தராசு ஒண்ணு எடுத்து, தார் ரோட்ல வண்டிய நிறுத்தி, ரிம்முல மாட்டி, ரிம் எந்தப் பக்கம் சுத்துமோ அந்தப் பக்கமா இழுத்துப் பாருங்க. டயர் திரும்ப ஆரம்பிக்கும்போது தராசு 12 கிலோ காட்டுதுன்னு வைங்க, இப்ப இருக்கறது 42 செ.மீ., நீங்க போட நினைக்கறது 36ன்னா அது 14 கிலோ ஆகும். அந்த 14 கிலோவ ஒரு தடவை இழுக்கறது கஷ்டமில்ல, ஒரு சந்துக்குள்ள யூ டர்ன் போட முன்னயும் பின்னயும் நாலு தடவை அசைக்கும்போதுதான் தெரியும்.

சைஸ முடிவு பண்றதுக்கு முன்னாடி இன்னொண்ணு, ஸ்டியரிங் இப்பவே டைட்டா இருக்குன்னா அது வீலோட சைஸ்னால இல்லாம இருக்கலாம். ஸ்ப்ளிட் மாடல்ல முன் சக்கரம் திரும்பறதுக்கான அச்சுகள் கிங்பின், லிங்க்பின், எல்லாத்துக்கும் கிரீஸ் நிப்பிள் இருக்கும், வருஷக்கணக்கா கிரீஸ் அடிக்காம விட்டா இறுகிடும். பே விண்டோல அந்த வேலைய பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) செய்யும். ரெண்டு மாடலுக்குமே நடுவுல, ஸ்டியரிங் அசைவ முன் சக்கரங்களுக்கு கடத்தற ஒரு ஸ்விங் லீவர் இருக்கு, அத நிறைய பேரு மறந்தே போயிடறாங்க, அதுக்கு கிரீஸ் போனதும் வேற வண்டி மாதிரி ஆயிடும். டயர் காத்து கம்மியா இருந்தாலும், அகல டயர் போட்டிருந்தாலும் ஸ்டியரிங் கல்லு மாதிரிதான் இருக்கும். முன் ரெண்டு சக்கரத்தையும் ஜாக்கில தூக்கிட்டு ஒரு விரல்ல சுத்திப் பாருங்க, அப்பவும் டைட்டா இருந்தா பிரச்சினை டயர்ல இல்ல, உள்ள. அத சரி பண்ணாம சின்ன வீல் வாங்கறது காச கரியாக்கறதுதான்.

அதே மாதிரி ஆட்டம். ஸ்டியரிங் பாக்ஸ் (ஸ்டியரிங்கோட கியர் இருக்கற பெட்டி) தேஞ்சு போயி 42 செ.மீ. வீல்ல ரிம்முல 3 செ.மீ. ஆட்டம் இருந்துச்சுன்னா, 35 போட்டதும் அது 2.5 செ.மீ.யாதான் தெரியும். ஆட்டம் குறைஞ்சிடுச்சுன்னு சந்தோஷப்படாதீங்க, பாக்ஸுக்குள்ள அதே அளவுதான் இருக்கு. ஆனா ஹைவேல சின்ன வீலோட சின்ன அசைவுக்கே டயர் கூட திரும்பும். இந்த பஸ் சைடுல செவுரு மாதிரி நிக்கற வண்டி, குறுக்குக் காத்து அடிச்சா தள்ளிட்டு போகும், அப்ப பெரிய வீல் இருந்தா நிதானமா திருத்தலாம், சின்ன வீல்ல ஆளு பதறி அளவுக்கு மேல திருப்பிடுவாரு.

அப்போ யாருமே மாத்தக்கூடாதான்னா, அப்படி இல்ல. மாத்தறதுக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கு, தொடை. இந்த வண்டில ஸ்டியரிங் காலம், அதாவது வீல தாங்கற தண்டு, கிட்டத்தட்ட செங்குத்தா நிக்கும், வீல் மேசை மாதிரி படுத்து இருக்கும், மாவாட்டற மாதிரிதான் சுத்தணும், உயரமான ஆளுன்னா பிரேக்ல இருந்து காலை தூக்கும்போது தொடை ரிம்முல இடிக்கும், சீட்டுக்கு பஞ்சு புதுசா வச்சிருந்தா இன்னும் மோசம். இந்த மாதிரி ஆளுங்களுக்கு 38ல இருந்து 40 செ.மீ., அதாவது 15, 15.5 இன்ச், ரொம்ப நல்லா செட் ஆகும். என்னைக் கேட்டா தினமும் ஓட்டற பஸ்ஸுக்கு 38க்கு கீழ போகவே வேண்டாம். முன்பக்கத்த இறக்கி, ஒல்லி டயர் போட்டு, தனியா ஓட்டறவங்க 36 வரைக்கும் போகலாம். எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் கிட் மாட்டினவங்களுக்கு இந்தக் கணக்கே வேற, ஆனா அதோட விலைக்கு நாலஞ்சு வீல் வாங்கலாம்.

வாங்கறதுக்கு முன்னாடி அட்டைல ஒரு வளையம் வெட்டுங்க. 38 செ.மீ.ன்னா 38, சும்மா ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டி போதும், அத இப்ப இருக்கற வீல் மேல டேப் போட்டு ஒட்டி, ஷூ எல்லாம் போட்டுட்டு எப்பவும் உக்கார்ற மாதிரியே உக்காருங்க. ஸ்பீடோமீட்டர்ல எந்த இடம் மறையுது பாருங்க. சின்ன வீல் போட்டா ரிம்மு உள்ள வந்து, நீங்க எப்பவும் போற ஸ்பீடோட எண்கள் மேலயே உக்காந்துக்கலாம். இண்டிகேட்டர் லீவரையும் பாருங்க, பெரிய வீல்ல அது ரிம்முக்கு உள்ளயே அடங்கி இருந்திருக்கும், சின்ன வீல்ல நுனி வெளில நீட்டிட்டு ஏறி இறங்கும்போது முட்டிய இடிக்கும்.

விட்டம் மட்டும் பார்த்தா போதாது, ஆழமும் இருக்கு. பந்தயக் கார் ஸ்டைல்ல ரிம் மேல தூக்கிட்டு நிக்கற வீல், கூட ஒரு உயரமான பாஸ் (வீலயும் ஷாஃப்ட்டயும் இணைக்கற துண்டு), ரெண்டும் சேர்ந்தா சாதாரண கார்ல வீல் உங்க நெஞ்சுக்கு பக்கத்துல வரும், பஸ்ல காலம் நிமிர்ந்து இருக்கறதால வீல் மேல ஏறும். தொடைக்கு இடம் கிடைக்கும், உண்மைதான், ஆனா முழங்கைய தூக்கிட்டே ஓட்டணும், இண்டிகேட்டரும் விரலுக்கு எட்டாது. அதனால தட்டையான வீல், இல்ல கொஞ்சூண்டு மட்டும் ஆழம் உள்ளத பாருங்க.

அடுத்து பொருத்தம். பீட்டிலுக்கு வர்ற பாஸ் பஸ்ஸுக்கும் சேரும்னு கண்ண மூடிட்டு வாங்காதீங்க, ஸ்ப்ளிட்டுக்கு ஒண்ணு, பே விண்டோக்கு ஒண்ணு, அதுலயும் முன்ன வந்ததுக்கும் பின்ன வந்ததுக்கும் ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் நுனில இருக்கற பல்லு) மாறும், சேசிஸ் நம்பரும் வருஷமும் சொல்லியே கேளுங்க. வீல் கம்பெனிகள்ல மோமோ வீலுக்கு 70 மி.மீ. வட்டத்துல ஆறு போல்ட், நார்டிக்கு 74 மி.மீ. வட்டத்துல ஆறு, 4 மி.மீ.தானேன்னு ஓட்டைய இழுத்துப் பெருசாக்கற வேலை மட்டும் வேண்டாம், இது ஸ்டியரிங். மோமோ ப்ரோட்டோடிப்போ பெரும்பாலும் 35 செ.மீ.தான், பார்க்க அள்ளும், பஸ்ஸுக்கு சின்னது. நார்டி கிளாசிக்ல 39 செ.மீ. இருக்கு, மோட்டோ லிட்டால 15, 16 இன்ச்ல மர வீல் கிடைக்குது, இந்த ரெண்டும்தான் என் சாய்ஸ். ஜெர்மனில ஓட்டறவங்க வீலுக்கும் பாஸுக்கும் பேப்பர் இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க, இல்லன்னா டூவ் இன்ஸ்பெக்‌ஷன்ல (அங்க நடக்கற வண்டி பரிசோதனை) நிறுத்திடுவாங்க. எந்த நாடானாலும் இன்சூரன்ஸ்காரங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

மாட்டும்போது சக்கரம் நேரா, இண்டிகேட்டர் லீவர் நடுவுல, பேட்டரி வயர் கழட்டி இருக்கணும். பழைய வீல எடுக்கறதுக்கு முன்னாடி ஷாஃப்ட்லயும் வீல்லயும் பெயிண்ட்ல ஒரு கோடு போடுங்க. நட்ட முழுசா கழட்டாம ரெண்டு மூணு மரை விட்டு வச்சுட்டு வீல ஆட்டி இழுங்க, இல்லன்னா திடீர்னு கழண்டு வந்து நேரா மூக்குல அடிக்கும். பாஸ்ல இண்டிகேட்டர் தானா திரும்பறதுக்கான குமிழ் இருக்கான்னு பாருங்க, லீவர் நடுவுல இல்லாம அழுத்தி மாட்டினா அது ஒடிஞ்சிடும். ஹாரன் வயர உள்ள விட்டு, ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பி எங்கயும் இழுபடலையான்னு பார்த்துட்டு, நட்ட மேனுவல்ல இருக்கற டார்க்குக்கு (இறுக்கற அளவுக்கு) இறுக்குங்க. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து நட்டையும் அந்த ஆறு போல்ட்டையும் மறுபடி ஒரு தடவை செக் பண்ணிட்டு அப்புறம் ஹாரன் மூடிய போடுங்க.